மீனும் புளியும் உடம்பின் மூலக்கூறுகளும்

உணவில் இருக்கும் எந்தச் சேர்மமும் தனியாக நின்று உடம்பில் ஒன்றும் செய்துவிடுவதில்லை. உடம்பில் உள்ள ஒரு மூலக்கூறோடு அது ஒட்ட வேண்டும். ஒட்டிய பிறகே விளைவு. அந்த மூலக்கூறு நரம்பு முனையில் உள்ள ஏற்பியாக இருக்கலாம்; குடல் சுவரில் சத்தை உள்ளே எடுத்துச் செல்லும் கடத்திப் புரதமாக இருக்கலாம்; வந்ததைக் கல்லீரலில் உருமாற்றும் நொதியாகவும் இருக்கலாம். மஞ்சள் நல்லது, புளி ஆகாது, கருவாடு சூடு என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்வது பேச்சு வழக்கு. வேதியியல் கேட்கும் கேள்வி வேறு: எந்த அளவில், எந்த மூலக்கூறோடு, யாருடைய உடம்பில்? இந்தக் கேள்வியோடு ஒரு வேளை மீன் குழம்பைப் பின்தொடர்ந்து போனாலே இத்துறையின் முக்கியமான உண்மைகள் பலவும் வந்துவிடும். அதற்குச் சென்னையில் நொச்சிக்குப்பத்தைவிடப் பொருத்தமான இடம் குறைவு.

கலங்கரை விளக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையில், மயிலாப்பூர் கடலைத் தொடும் இடத்தில் இருக்கிறது நொச்சிக்குப்பம். ஃபைபர் படகுகள் மணலிலேயே கரையேறும். வலையிலிருந்து எடுத்த மீனை அந்த வீடுகளின் பெண்களே விற்பார்கள். பல்லாண்டுகளாக மெரினா லூப் சாலையின் ஓரத்தில் நடந்த விற்பனை, நீதிமன்ற வழக்கு, மீனவர் போராட்டம் எல்லாம் கடந்து, 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட 366 கடைகள் கொண்ட மீன் அங்காடிக்கு மாறியது. சங்கரா, கவளை, நெத்திலி, வவ்வால், வஞ்சிரம், சூரை, பால் சுறா, சென்னைப் பேச்சில் காணாங்கத்தை எனப்படும் கானாங்கெளுத்தி ஆகியவை இங்கே பருவத்துக்குப் பருவம் வந்து போகும். வாங்குபவர் செவுளைத் தூக்கிச் சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பார்; கண் பளபளக்கிறதா, தசையை அழுத்தினால் குழி விழுகிறதா என்று பார்ப்பார்; கடைசியில் மோந்தும் பார்ப்பார். இந்தச் சோதனைகள் ஒவ்வொன்றும் ஒரு வேதிமாற்றத்தைத்தான் அளக்கின்றன. செவுளின் சிவப்பு இரத்தத்தின் ஹீமோகுளோபினால் வருவது. அதிலுள்ள இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்ததும் நிறம் பழுப்பாகிவிடும்.

மூக்கு அளப்பது டிரைமெத்திலமைன் என்னும் சிறு மூலக்கூறை. கடல்நீரின் உப்பு மீனின் உடம்பிலிருந்து நீரை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இழுப்பைச் சமாளிக்க உதவும் பொருள்களுள் ஒன்றாகக் கடல் மீன்கள் தம் செல்களில் டிரைமெத்திலமைன் ஆக்சைடைச் சேர்த்து வைக்கின்றன. இதற்கு வாசனை இல்லை. மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் இந்த ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கித் தம் மூச்சுக்குப் பயன்படுத்திக்கொள்ள, மிஞ்சுவது டிரைமெத்திலமைன். அதுதான் கவிச்சி. ஏரி மீனில் இந்த ஆக்சைடு மிகக் குறைவு என்பதால் அதில் கடல் மீனின் கவிச்சி எழுவதில்லை. அதன் மண்வாடை ஜியோஸ்மின் என்ற வேறொரு பொருளால் வருகிறது.

மூக்கில் டிரைமெத்திலமைனைப் பிடிக்கும் ஏற்பியின் பெயர் டி.ஏ.ஏ.ஆர்.5. ஐஸ்லாந்து மக்களிடம் நடத்திய மரபணு ஆய்வு ஒன்று 2020இல் வெளிவந்தது. இந்த ஏற்பியின் மரபணுவில் குறிப்பிட்ட மாற்றம் உள்ளவர்களுக்கு மீன் நாற்றம் அவ்வளவாகத் தெரிவதில்லை. சிலர் அதை வேறு ஏதோ இனிய மணமாகவே சொன்னார்கள். ஒரே மீன், ஒரே மூலக்கூறு. பிறப்பிலேயே வேறுபட்ட ஏற்பி. ஒருவருக்குக் குமட்டுவது மற்றவருக்கு ஏன் குமட்டவில்லை என்பதற்குப் பழக்கம் மட்டும் காரணமல்ல.

சுறாவின் கதை இதில் தனி. சுறா தன் தசையில் யூரியாவையும் பெருமளவில் தேக்கி வைத்திருக்கிறது. யூரியா புரதங்களின் மடிப்பைக் குலைக்கும் தன்மையுடையது. அந்தக் கேட்டை ஈடுகட்டுவது அதே டிரைமெத்திலமைன் ஆக்சைடு. சுறாத் தசையில் இரண்டும் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் இருக்கின்றன. பிடித்து நேரமானால் பாக்டீரியாக்கள் யூரியாவை அம்மோனியாவாக்கிவிடும். மூக்கில் ஏறும் அந்தக் காரநெடி சுறா வாங்குபவர்களுக்குத் தெரிந்ததுதான். சுறாப் புட்டு செய்யும் முறையைக் கவனித்தால் இந்த வேதியியலுக்கு எவ்வளவு பொருத்தமாக அது அமைந்திருக்கிறது என்பது தெரியும். துண்டுகளை மஞ்சள் போட்ட தண்ணீரில் வேகவைத்து, தோலை உரித்து, கையால் உதிர்த்து, இரு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து நீர் ஒட்டப் பிழிந்தெடுக்கிறார்கள். யூரியா நீரில் எளிதில் கரையும். வெந்த தண்ணீரோடும் பிழிந்த நீரோடும் அதில் பெரும்பங்கு போய்விடுகிறது. பிறகுதான் வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய் போட்டு வதக்குவது.

குழம்புக்குப் புளி சேர்ப்பதும் நாவுக்காக மட்டும் செய்வதல்ல. புளியின் சதையில் 8 முதல் 18 சதவீதம் வரை டார்டாரிக் அமிலம் இருக்கிறது. டிரைமெத்திலமைன் காரத்தன்மை உள்ளது. அமிலம் தரும் ஒரு ஹைட்ரஜன் அயனியை அது பிடித்துக்கொண்டால் உப்பாகிவிடும். உப்பு நீரில் கரையும், காற்றில் எழாது. கரைசலின் பி.எச். அளவு ஒரு எண் குறையும்தோறும் காற்றில் ஏறத்தக்க டிரைமெத்திலமைன் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. கவிச்சியைப் புளி அழிப்பதில்லை; குழம்புக்குள்ளேயே பிடித்து வைக்கிறது. எலுமிச்சையும் மாங்காயும் செய்வது இதையேதான்.

அதே ஹைட்ரஜன் அயனிதான் நாவில் புளிப்பாகவும் உணரப்படுகிறது. நாவின் சுவைச் செல்களில் உள்ள ஓட்டாப்1 என்னும் புரதக் கால்வாய் வழியாக அது உள்ளே நுழைகிறது. புளிப்பு, மனிதன் முதலில் அறிந்த சுவைகளுள் ஒன்று. ஆனால் இந்தக் கால்வாய் அடையாளம் காணப்பட்டது 2018இல்தான். டார்டாரிக் அமிலத்தின் பெரும்பகுதியைக் குடல் பாக்டீரியாக்கள் சிதைத்துவிடுகின்றன. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் புளியைப் பற்றி இன்னொன்றையும் கண்டார்கள். அன்றாட உணவோடு புளி உண்ட சிறுவர்களின் சிறுநீரில் ஃபுளோரைடு கூடுதலாக வெளியேறியது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் பாதிக்கப்படும் தர்மபுரி போன்ற மாவட்டங்களுக்கு இந்த ஆய்வு முக்கியமானது. கிடைக்க வேண்டிய கவனம் இதற்கு இன்னும் கிடைக்கவில்லை.

காரம் சுவையில் சேராது. அது வலியோடும் வெப்பத்தோடும் சேர்ந்த உணர்வு. மிளகாயின் கேப்சைசின் ஒட்டும் இடம் டி.ஆர்.பி.வி.1 என்னும் அயனிக் கால்வாய். சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தை உணரவே நரம்பு முனையில் அது அமைந்திருக்கிறது. கேப்சைசின் ஒட்டினால் சூடு இல்லாமலேயே கால்வாய் திறந்து கால்சியமும் சோடியமும் செல்லுக்குள் பாயும். மூளைக்குச் செய்தி போவது நெருப்புச் சுட்டது என்றே. அதனால்தான் மிளகாய் கடித்ததும் உடம்பு வியர்க்கிறது; சூட்டைத் தணிக்கும் ஏற்பாடுகளை உடம்பு தொடங்கிவிடுகிறது. டேவிட் ஜூலியஸ் குழுவினர் இந்தக் கால்வாயின் மரபணுவை 1997இல் பிரித்தெடுத்தார்கள்; 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கேப்சைசின் கொழுப்பில் கரைவது, நீரில் கரையாதது. எனவே காரத்துக்குத் தண்ணீர் குடிப்பதால் எரிச்சல் வாய் முழுக்கப் பரவுமே தவிர அடங்காது. தயிர் அடக்கும், ஏனென்றால் பாலின் கேசின் புரதம் கேப்சைசினைத் தன்னோடு சேர்த்து இழுத்துக்கொள்கிறது. திரும்பத் திரும்பத் தூண்டப்பட்டால் அந்த நரம்பு முனை மரத்துப்போகும். கேப்சைசின் ஒட்டுப்பட்டைகள் நரம்பு வலிக்கு மருந்தாவது இந்த இயல்பால்தான்.

மிளகாய் தமிழ்க் கடற்கரைக்கு அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாக வந்தது. நொச்சிக்குப்பத்தை ஒட்டியுள்ள சாந்தோமில் 16ஆம் நூற்றாண்டிலேயே அவர்கள் குடியேறியிருந்தார்கள். அதற்கு முன்பு இங்கே காரம் என்றால் மிளகுதான். மிளகின் பைப்பரினும் அதே டி.ஆர்.பி.வி.1 கால்வாயையே தொடுகிறது. ஆனால் பிடிப்பு கேப்சைசினைவிட மிகத் தளர்ந்தது. மிளகாய் அவ்வளவு விரைவாக மிளகின் இடத்தைப் பிடித்ததற்கு விலையும் விளைச்சலும் காரணம் என்பார்கள். உடம்பில் இரண்டும் ஒரே கதவைத் தட்டுகின்றன என்பதும் ஒரு காரணமாகவே இருக்க வேண்டும்.

மீன் குழம்பில் தக்காளி ஏன் அவ்வளவு சேர்கிறது என்பதற்கும் மூலக்கூறு அளவில் விடை உண்டு. மீன் இறந்த பின் அதன் தசையின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. படிப்படியாகச் சிதைந்து இனோசினேட் ஆகிறது. தக்காளியில் இருப்பது குளூட்டமேட். நாவில் உமாமிச் சுவைக்கான ஏற்பி டி1ஆர்1, டி1ஆர்3 என்ற இரு புரதங்கள் சேர்ந்தது. குளூட்டமேட் அதன் மடலுக்குள் உட்கார்ந்ததும் மடல் மூடும். பக்கத்திலேயே இனோசினேட்டும் வந்து அமர்ந்தால் மூடிய மடல் திறக்காமல் நிலைத்து நிற்கும். எனவே இரண்டும் சேர்ந்தால் கிடைக்கும் சுவை இரண்டின் கூட்டுத்தொகையைவிடப் பல மடங்கு. ஜப்பானில் இகேடா 1908இல் குளூட்டமேட்டையும், கொடாமா 1913இல் இனோசினேட்டையும் கண்டார்கள். தக்காளியும் மீனும் ஒரே சட்டியில் கொதிக்கும் கடற்கரை அடுப்பிலும் அதே கூட்டுதான் நடக்கிறது. இனோசினேட் மேலும் சிதைந்தால் சுவையற்ற இனோசினாகி, பின் கசக்கும் ஹைபோஸான்தினாகும். பழைய மீனில் நாற்றம் போக்கினாலும் சுவை திரும்பாததன் காரணம் இது.

இதுவரை சொன்னவை மூக்கிலும் நாவிலும் நடப்பவை. விழுங்கிய பிறகு நடப்பவற்றில் மஞ்சளின் கதைதான் மிகையாகச் சொல்லப்படுவது. மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிக் குழாயில் குர்குமின் ஏராளமான புரதங்களோடு ஒட்டுகிறது. அதிலிருந்தே புற்றுநோய் முதல் மறதி நோய் வரை எல்லாவற்றுக்கும் மருந்து என்ற பேச்சு கிளம்பியது. ஆனால் உடம்பில் அது குடல் சுவரைக் கடப்பதே அரிது. கடந்ததையும் குடலும் கல்லீரலும் குளூக்குரோனிக் அமிலத்தோடு பிணைத்து வெளியே அனுப்பிவிடுகின்றன. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் நடந்து 1998இல் வெளியான ஆய்வில், 2 கிராம் குர்குமினைத் தனியாக உண்டவர்களின் இரத்தத்தில் அது தென்படவேயில்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவாக இருந்தது. கூடவே 20 மில்லிகிராம் பைப்பரின் கொடுத்தபோது உடம்பில் சேர்ந்த அளவு 20 மடங்கு உயர்ந்தது.

இந்த எண்களைச் சமையலறையில் வைத்துப் பார்க்க வேண்டும். 20 மில்லிகிராம் பைப்பரினுக்கு அரைக் கிராமுக்கும் குறைவான மிளகு போதும். ரசத்திலேயே அது கிடைக்கும். 2 கிராம் குர்குமினுக்கோ 60 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் வேண்டும். ஒரு குடும்பத்துக் குழம்பில் விழுவது ஒரு தேக்கரண்டி. மீனில் தடவும் மஞ்சள் நிறத்துக்கும் மணத்துக்கும் நல்லது. அதை மருந்தாகக் கணக்கிடுவது சரியல்ல. மாத்திரையாக உண்பவர்களிடம் நிலைமை வேறு. மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, எச்.எல்.ஏ.-பி*35:01 என்ற மரபணு வகை அவர்களிடம் மிகுதியாக இருந்தது 2022இல் தெரியவந்தது. அவர்கள் உண்ட மாத்திரைகள் சிலவற்றில் பைப்பரினும் கலந்திருந்தது. தடையை நீக்கினால் உள்ளே போவது கூடும். உள்ளே போனதை யாருடைய உடம்பு எப்படி எதிர்கொள்ளும் என்பது அந்த உடம்பின் மரபணுவைப் பொறுத்தது.

பைப்பரின் செய்வது இரண்டு வேலைகள். குடல் செல்லுக்குள் நுழைந்த அந்நியப் பொருளைத் திரும்ப வெளியே தள்ளும் பி-கிளைக்கோபுரோட்டீன் என்ற புரதத்தைத் தடுக்கிறது. உருமாற்றும் நொதியான சைட்டோகுரோம் 3ஏ4ஐயும் மட்டுப்படுத்துகிறது. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றையும் சித்த, ஆயுர்வேத மருந்துகளில் ஏன் அவ்வளவு அடிக்கடி சேர்த்தார்கள் என்ற கேள்வியோடு ஜம்முவின் வட்டார ஆராய்ச்சி ஆய்வகத்தில் சி.கே. அடல் தொடங்கிய பணியே இதற்கெல்லாம் வித்து. அதன் பயனாகக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினின் அளவைக் குறைத்து, பைப்பரின் சேர்த்த மாத்திரைக்கு 2009இல் இந்தியாவில் அனுமதி கிடைத்தது.

காசநோய் மருந்தும் மீனும் சந்திக்கும் இடம்தான் இந்தப் பொருளில் மிகவும் கவனிக்கப்பட வேண்டியது. சென்னைக்கு அதில் தனித்த உரிமையும் உண்டு. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் நகரின் ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்தில் சேர்த்தது. மறுபிரிவினர் வீட்டிலேயே இருந்தார்கள். ஐசோனியசிட், பாஸ் என்ற அதே மருந்துகளை இரு பிரிவினரும் உண்டார்கள். சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடும் இருந்தன. வீட்டில் நெருக்கடியும் பற்றாக்குறையும். ஓராண்டுச் சிகிச்சைக்குப் பின் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தார்கள். 1959இல் வெளியான இந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய் மருத்துவத்தை மருத்துவமனைப் படுக்கையிலிருந்து வீட்டுக்கு மாற்றியது. அந்த மையமே இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். வீட்டிலிருந்து மருந்து உண்பவர் வீட்டுச் சாப்பாட்டையே உண்பார். மருந்தின் மூலக்கூறும் குழம்பின் மூலக்கூறும் ஒரே குடலில் கூடுகின்றன.

கானாங்கெளுத்தியை நறுக்கிப் பார்த்தால் நடுக்கோட்டை ஒட்டி, தோலுக்கு அடியில் கருஞ்சிவப்பாக ஒரு பட்டைத் தசை ஓடும். சூரையில் அது இன்னும் அகலம். ஓயாமல் நீந்தும் மீன்களின் தசை இது. இவ்வகை மீன்களின் உடம்பில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் மிகுதி. சூரையின் 100 கிராம் தசையில் 1 கிராமைத் தாண்டும். வவ்வாலிலும் சங்கராவிலும் அவ்வளவு இல்லை. மீன் வெயிலில் கிடந்தால் மார்கனெல்லா மார்கனி முதலான பாக்டீரியாக்கள் ஹிஸ்டிடினிலிருந்து கார்பன் டை ஆக்சைடை நீக்கி ஹிஸ்டமினாக்குகின்றன. சென்னை வெயிலில் இதற்குச் சில மணி நேரமே போதும். ஹிஸ்டமின் உருவான பிறகு கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் உறைய வைத்தாலும் அழியாது; புளியும் அதை ஒன்றும் செய்யாது. இன்னும் மோசமானது, மோந்தாலும் அது தெரிவதில்லை. டிரைமெத்திலமைனைக் காட்டிக்கொடுக்கும் மூக்கு இங்கே உதவாது. கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்ற வரம்பைச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் விதித்திருக்கிறது. அங்காடியில் உடனுக்குடன் ஐஸ் கிடைப்பது வசதி என்ற கணக்கில் மட்டும் வருவதல்ல. ஹிஸ்டமின் உருவாகாமல் தடுக்க இருக்கும் ஒரே நம்பகமான வழி அது.

உடம்பே தயாரிக்கும் பொருள்தான் ஹிஸ்டமின். எச்1 ஏற்பியில் அது ஒட்டினால் நுண் இரத்தக் குழாய்கள் விரிந்து முகம் சிவக்கும், தோலில் தடிப்பு, தலைவலி, படபடப்பு வரும், வயிறும் கலங்கும். சாதாரணமாக உணவின் ஹிஸ்டமின் இரத்தத்தை எட்டுவதில்லை. குடல் சுவரில் உள்ள டயமின் ஆக்சிடேஸ் என்ற நொதி வழியிலேயே அதைச் சிதைத்துவிடுகிறது. அளவு மிஞ்சினால் நொதி திணறும்; அதுதான் மீன் நஞ்சேற்றம். ஐசோனியசிட் இந்த நொதியையே தடுக்கிறது. காவல் தளர்ந்த குடலில், மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத அளவு ஹிஸ்டமினும் நோயாளியைச் சாய்த்துவிடும். இலங்கையில் சி.ஜி. உரகொடவும் எஸ்.ஆர். கொட்டேகொடவும் 1977இல் இதைத் தெளிவாக எழுதினார்கள். ஐசோனியசிட் உண்டுவந்த காசநோயாளிகள் சூரை மீன் சாப்பிட்டதும் முகம் சிவந்து, தலைவலியும் நெஞ்சுப் படபடப்பும் கண்டார்கள். அதே மீனை உண்ட வீட்டார்க்கு ஒன்றுமில்லை. மருந்தை விட்டுவிடுவது இதற்குத் தீர்வல்ல. அப்படி விட்டவர்க்கு நோய் திரும்பும் ஆபத்து மிகப் பெரியது. மருந்து உண்ணும் மாதங்களில் சூரை, கானாங்கெளுத்தி போன்றவற்றைத் தவிர்த்து, ஐஸில் இருந்த வெள்ளைத் தசை மீனை உண்டால் போதும். ஒவ்வொரு காசநோய் மருந்தகத்திலும் மாத்திரையைக் கையில் கொடுக்கும்போதே, கடற்கரைக் குப்பங்களில் வாழ்பவர்க்கு மீன் பெயரோடு சொல்ல வேண்டிய செய்தி இது.

ஐசோனியசிட் இன்னொரு உணவு மூலக்கூறையும் விடுவதில்லை. வைட்டமின் பி6இன் செயல்படும் வடிவமான பிரிடாக்சால் பாஸ்பேட்டோடு நேரடியாகப் பிணைந்து அதைப் பயனற்றதாக்குகிறது. கைகால் எரிச்சலும் மதமதப்பும் அதன் விளைவு. இந்த நரம்புக் கோளாற்றைச் சென்னை மையத்தின் ஆய்வாளர்களே 1960 வாக்கில் விரிவாக ஆராய்ந்தார்கள். ஐசோனியசிடை அசிட்டைல் ஏற்றம் செய்து வெளியேற்றும் நாட்2 நொதி மெதுவாக வேலை செய்பவர்களிடம் இது கூடுதலாகக் காணப்படும். தென்னிந்தியரில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்த மெதுவான வகையினர். அதனால்தான் மருந்தோடு பிரிடாக்சின் மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கப்படுகிறது.

மீன் நஞ்சேற்றத்தை மீன் ஒவ்வாமை என்று தவறாகக் கொள்வது மிகப் பரவலான பிழை. அறிகுறிகள் ஒன்றுபோலத் தோன்றுவதற்குக் காரணம், இரண்டிலும் இறுதியில் ஒட்டுவது ஹிஸ்டமின். ஒவ்வாமையில் அது மீனிலிருந்து வருவதில்லை. உண்பவரின் மாஸ்ட் செல்களே கொட்டுகின்றன. மீனின் பார்வால்புமின் என்ற புரதத்தை ஐ.ஜி.ஈ. எதிர்ப்பொருள் அடையாளம் கண்டால் அது நிகழும். இறாலிலும் நண்டிலும் குற்றவாளி டிரோபோமையோசின். இரண்டும் கொதியிலும் பெரிதும் குலையாதவை. புரதங்கள் வேறு என்பதால் இறால் ஆகாதவர் பெரும்பாலும் மீன் உண்ணலாம். மீன் ஆகாதவரும் பெரும்பாலும் இறால் உண்ணலாம். தூசிப்பூச்சியிலும் கரப்பானிலும் இறாலின் டிரோபோமையோசினை ஒத்த புரதம் இருப்பதால், தூசியால் மூச்சிரைப்பவர்களில் சிலருக்கு இறாலும் ஒத்துக்கொள்வதில்லை. நஞ்சேற்றம் ஒரு முறை வந்தவர் வாழ்நாள் முழுவதும் மீனை விட வேண்டியதில்லை. உண்மையான ஒவ்வாமை உள்ளவரோ ஒரு துண்டுகூட உண்ணக் கூடாது.

குடலைக் கடந்த டிரைமெத்திலமைன் கல்லீரலுக்குப் போனதும் எஃப்.எம்.ஓ.3 என்ற நொதி அதற்கு மீண்டும் ஆக்சிஜன் ஏற்றி, வாசனையற்ற ஆக்சைடாக்கிச் சிறுநீரில் அனுப்புகிறது. கடலில் மீன் சேர்த்து வைத்த அதே பொருளை மனிதக் கல்லீரல் திரும்பச் செய்கிறது. இந்த நொதியின் மரபணு பழுதானவர்களுக்கு வேர்வையிலும் மூச்சிலும் மீன் நாற்றம் வீசும். காரணமான மரபணு மாற்றங்கள் 1997இல் கண்டறியப்பட்டன. குளித்தும் போகாத நாற்றத்துக்காக ஊராரால் ஒதுக்கப்பட்டு, சுத்தமில்லாதவர் என்று பழி சுமந்தவர்கள் இவர்கள். பிழை ஒரு நொதியினுடையது.

இரும்புச்சத்தின் செய்தி சுருக்கமானது. கீரையிலும் அரிசியிலும் உள்ள இரும்பு எளிதில் உள்ளே போகாது. கூடவே மீன் இருந்தால் கூடுதலாகப் போகும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீரின் டானின்கள் அந்த இரும்பைப் பிடித்துக்கொண்டு, உள்ளே போவதைப் பாதிக்கும் கீழே குறைத்துவிடும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் இந்த இழப்பு குறையும்.

மீனிலிருந்து உடம்பில் நெடுநாள் தங்குவது அதன் கொழுப்பு. கவளை, மத்தி, நெத்திலி ஆகியவற்றின் ஒமேகா-3 கொழுப்பமிலங்களை மீன் தானாகச் செய்வதில்லை. கடலின் நுண்பாசிகள் செய்ததைச் சேர்த்து வைக்கிறது. அவற்றில் இ.பி.ஏ. மனிதச் செல்களின் சவ்வில் போய் அமர்ந்து, அங்கே இருக்கும் அராக்கிடோனிக் அமிலத்தின் இடத்தில் ஒரு பங்கைப் பிடிக்கிறது. வீக்கமும் வலியும் தரும் புரோஸ்டாகிளாண்டின்களை அராக்கிடோனிக் அமிலத்திலிருந்து செய்வது சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதி. ஆஸ்பிரின் தடுப்பது இதைத்தான் என்று ஜான் வேன் 1971இல் காட்டினார். அதே நொதியின் குழிக்குள் இ.பி.ஏ. நுழைந்தால் வெளிவருவது வீரியம் குறைந்த பொருள்கள். ஆஸ்பிரின் நொதியை முடக்குகிறது, இ.பி.ஏ. நொதிக்குக் கிடைக்கும் சரக்கை மாற்றுகிறது. எண்ணெயில் மூழ்கப் பொரிக்கும்போது மீனின் கொழுப்பில் ஒரு பகுதி சட்டிக்குப் போய், சட்டி எண்ணெய் மீனுக்குள் வரும். குழம்பில் இறங்கிய கொழுப்பு குழம்போடு சோற்றில் சேர்ந்துவிடுகிறது.

டி.எச்.ஏ. என்னும் மற்றொரு ஒமேகா-3 மூளைக்கும் விழித்திரைக்கும் உரியது. மூளையின் இரத்தத் தடுப்பைத் தாண்டி அதைக் கொண்டுசெல்லும் எம்.எஃப்.எஸ்.டி.2ஏ என்ற கடத்திப் புரதத்தைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 2014இல் இனங்கண்டார்கள். அதே மீனிலிருந்து அதே தடுப்பைத் தாண்டும் இன்னொன்றும் உண்டு, அது மீத்தைல் பாதரசம். பாதரசம் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகத்தோடு பிணையும்போது அந்தக் கூட்டு மூலக்கூறு மெத்தியோனினைப் போல உருக்கொள்கிறது. மெத்தியோனினை ஏற்றிச் செல்லும் கடத்தியான எல்.ஏ.டி.1 அதை மெத்தியோனின் என்றே எடுத்துக்கொண்டு மூளைக்குள் விட்டுவிடும். நஞ்சுக்கொடியையும் இவ்வாறே கடக்கிறது. ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளித்தெரிந்த பேரழிவு இந்த வழியில் நேர்ந்தது. உடம்பில் புகுந்த மீத்தைல் பாதரசம் பாதியாகக் குறையவே சுமார் 50 நாள் ஆகும்.

சிறு மீனைப் பெரிய மீன் தின்னத் தின்னப் பாதரசம் மேல்படியில் குவிகிறது. பல ஆண்டு வாழ்ந்த பெரிய சுறாவிலும் பெரிய வஞ்சிரத்திலும் மிகுதி. ஓரிரு ஆண்டே வாழும் நெத்திலியிலும் கவளையிலும் மிகக் குறைவு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப் புட்டு கொடுப்பது கடற்கரை வழக்கம். அதற்கு எடுப்பது கையளவு நீளச் சிறு பால் சுறா என்பது இந்த வகையில் நல்லதே. பெரிய சுறாவின் துண்டு அதற்கு ஈடாகாது. கருவுற்ற பெண்கள் பாதரசம் குறைந்த மீனாகப் பார்த்து வாரத்துக்கு 225 முதல் 340 கிராம் வரை உண்ண வேண்டும் என்பது அமெரிக்க உணவு மருந்து ஆணையத்தின் அறிவுரை. மத்தி, நெத்திலி இனங்கள் அதன் சிறந்த பட்டியலிலும், சுறாவும் வஞ்சிரத்தின் இனமான கிங் மேக்கரலும் தவிர்க்க வேண்டிய பட்டியலிலும் இருக்கின்றன. கிலோ கணக்கில் விலை பார்த்தாலும் கவளையும் நெத்திலியும்தான் மலிவு.